உலர்த்தும் அறை

கையில் இருந்ததன் பெயர் தங்கபாண்டியனுக்கு வரவில்லை. மரக்காம்பு, இரும்பு அலகு, விறகு பிளக்கிறது. பெயர் மட்டும் வாய்க்குள் வந்து வந்து வழுக்கியது.

"கோடாரிங்க," என்றாள் மனைவி கருத்தம்மாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்று எரிந்து விழுந்தான்.

1953-ஆம் வருஷ அடைமழையில் மகன் காய்ச்சலில் போனதிலிருந்து மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். எழுந்தபின் மறதி. மனசுச் சோர்வுதான், நாற்பத்தாறு வயதில் வேறென்ன என்றார் போடியில் பார்த்த டாக்டர்.

குரங்கணிக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் அன்று அவர்கள் இருவர்தான். ஆட்கள் சந்தைக்கு இறங்கிவிட்டார்கள்.

"உலர்த்துற அறைக்குள்ள காயைப் பரத்திட்டு வர்றேன். அதுவரைக்கும் தீ மூட்டிராதீக. கதவையும் சாத்திராதீக," என்றாள் அவள்.

"சரி, சரி."

விறகை அள்ளிக்கொண்டு திரும்புவதற்குள் சரிவிலிருந்து மூடுபனி ஏறிவந்து, ஈரமண் வாசனையும் பச்சை ஏலக்காயின் காரநெடியுமாக முற்றத்தை மூடியிருந்தது. ஏலக்காய் உலர்த்தும் அறை ஆவென்று திறந்து கிடந்தது. எந்த மடப்பயல் திறந்து போட்டான்? கடைசியில் பழி தன் தலையில்தான் விழும். கதவை அறைந்து சாத்தித் தாழ்க்கட்டையைப் போட்டான். வெளிப்புற அடுப்பில் தீயை மூட்டினான். தகரக் குழாய்கள் வழியே சூடு உள்ளே போயிற்று.

டொக். டொக்.

தகரம் சூடேறினால் அப்படித்தான்.

"ஏங்க!"

அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறாள் போல. போனான். ஆள் இல்லை. தோட்டத்துப் பக்கம் போனான். பனி. திரும்பி வந்தபோது எதற்குப் போனோம் என்பது நினைவில்லை. தட்டல் மட்டும் பலமாகக் கேட்டது. மண்டைக்குள்ளேயே தட்டுவது போல. இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

தீ தணிந்திருந்தது. கட்டைகளைத் திணித்தான்.

தட்டல் குறைந்தது. சுரண்டல். கதவின் அடியில்.

குனிந்தான். நிலைப்படிக்கும் கதவுக்கும் நடுவே இடுக்கு. அனல் முகத்தில் அடித்தது. இவ்வளவு சூடும் வீணாகிறதே! ஒருத்தரும் எதையும் பார்ப்பதில்லை. சாக்கை மடித்து இடுக்கில் அடைத்தான். உள்ளிருந்து ஏதோ அதை இழுத்தது.

ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"கருத்தம்மா! எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்து இதைப் பிடி, வெரசா!"

"இங்கதாங்க... இருக்கேன்..."

குரல் அவன் காலடியிலிருந்து வந்தது.

தலையைத் திருப்பி முற்றத்தைப் பார்த்தான். யாருமில்லை. சாக்கின் ஓரத்தில் நான்கு விரல்கள், தோல் கொப்பளித்து, வெளியே நீண்டன.

சாக்கை இன்னும் இறுக்கித் திணித்தான்.