இரண்டு முறை லைட் அடித்தவன்

கவரைப்பேட்டையில் சர்வீஸ் ரோடு நெடுஞ்சாலையில் ஏறும் இடம். ஏஞ்சல் ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு இடைவெளிக்காகக் காத்திருந்தாள். காலைத் தூறல்... ஹெல்மெட் கண்ணாடியெங்கும் நீர்த்துளிகள். அவற்றின் வழியே ஒரு சாம்பல் நிறக் கார் வருவது தெரிந்தது. வந்த கார் வேகத்தைக் குறைத்தது. இரண்டு முறை லைட் அடித்தது.

நம் ஊரில் லைட் அடித்தால் ஒரே அர்த்தம்தான். நான் வருகிறேன், நீ ஒதுங்கு. ஏஞ்சலும் ஒதுங்கித்தான் நின்றாள். காரோ வராமல் அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் இரண்டு முறை லைட்.

'வர்றதுன்னா வந்து தொலையேன்... இது இன்னா வெளாட்டு?'

காருக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. ஏஞ்சலுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நேரே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். பெரிய கண்கள்... அந்தக் கண்களில் பயம் இருந்தது, திமிர் இல்லை. அவளுக்கு அதுவே முதல் சந்தேகம்.

"லைட்ட அடிச்சு மெரட்றீங்க. அப்பால இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கீங்க?"

"மெரட்டலீங்க. நீங்க போங்கன்னுதான் அடிச்சேன்."

"நான் போறதுக்கு நீங்க எதுக்கு லைட் அடிக்கணும்?"

"வழி விட்டேங்க..."

கும்மிடிப்பூண்டி ரோட்டில் யாருக்கும் யாரும் வழி விட்டதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. வாயைத் திறப்பதற்குள் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஊட்டுச் சண்டைய ஊட்ல வெச்சுக்கோம்மா."

ஏஞ்சலுக்குக் காது வரை சூடேறியது. ஓடிப்போய் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளும் அதே கார், அதே இடத்தில், அதே இரண்டு லைட். இவள் ஏறியதும் பின்னாலேயே இடது லேனில் வந்தது. இவளுடைய ஸ்கூட்டி ஐம்பதைத் தாண்டாது. எண்பது என்று போர்டு வைத்த ரோட்டில், நூறில் பறப்பவர்களுக்கு நடுவே, ஒரு கார் ஐம்பதில் ஊர்ந்துகொண்டு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வேண்டுமென்றே நாற்பதுக்கு இறக்கிப் பார்த்தாள். காரும் நாற்பதுக்கு இறங்கியது. ஹாரன் இல்லை, ஓவர்டேக் இல்லை. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் நிறம்... எட்ட இருந்தபடியே.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம் அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் கூடிவரும் நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பைக்கில் இவள் பின்னாலேயே சுற்றியிருக்கிறார். 'பொண்ணு வண்டிய பறக்க உடுது, ஆம்பள ஆளுங்ககூட நின்னு டீ குடிக்குது' என்று போய்ச் சொல்லிவிட்டார். வரன் போனது பெரிதில்லை. "ஸ்கூட்டிய வித்துட்டு கம்பெனி பஸ்ல போ" என்று அண்ணன் சாம்சன் பிடித்த பிடி இன்னும் தளரவில்லை. அன்றைக்கே ஏஞ்சல் முடிவெடுத்துவிட்டாள். ஒளிந்திருந்து தன்னை அளந்து பார்க்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்குக் கழுத்தை நீட்டுவதில்லை.

அவள் வேலை பார்க்கும் சிப்காட் வாசல் டீக்கடையில் ஒரு காலை அவனை வசமாகப் பிடித்தாள்.

"யாரு அனுப்பிச்சாங்க உங்கள?"

"யாரும் அனுப்பலீங்க. எம்பேரு ஸ்டீவன். தச்சூர் கூட்டுரோடு. எதிர்க் கம்பெனில டிரைவருங்களுக்கு டிரெய்னிங் குடுக்குறேன். அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் இங்கிலாந்துல வேன் ஓட்டுனேன்."

"இங்கிலாந்துல ஓட்டுனா பொம்பள பின்னாடியே வரணும்னு சட்டமா?"

"லெஃப்ட்ல போவணும்னு சட்டம். ரைட்டு லேனு ஓவர்டேக் பண்ண மட்டுந்தான். இங்க ரைட்ட டிரெய்லர்காரன் குத்தகைக்கு எடுத்துக்கினு ஆடி அசைஞ்சு போறான். லெஃப்ட்ல நீங்க. நான் எங்கதான் போறது?"

"அந்த லைட்டு?"

"அங்க லைட் அடிச்சா 'நீங்க போங்க'ன்னு அர்த்தம். அங்கேயும் ரூல் புக்குல கிடையாது, எல்லாரும் செய்வாங்க. எனக்குக் கை பழகிப்போச்சு."

நம்பும்படியாகத்தான் இருந்தது. நன்றாக ஜோடித்த பொய்யும் அப்படித்தானே இருக்கும்? அவள் குறுக்கு விசாரணையில் இறங்கினாள்.

"அங்க போன புதுசுல எப்படி ஓட்னீங்க?"

"அத ஏன் கேக்குறீங்க... முப்பதுன்னு போர்டு பாத்து, நானும் ஒழுங்கா முப்பது கிலோமீட்டர்ல போனேன். பின்னாடி ஊரே நிக்குது, ஒருத்தனும் ஹாரன் அடிக்கல. கடைசில பாத்தா அது மைலு." அவன் டீயை ஆற்றினான். "ஒரு நாளு டயர் பஞ்சரு. மாத்து டயருக்காக கராஜ்ல போய் 'ஸ்டெப்னி இருக்கா'ன்னு கேட்டேன். 'அது லண்டன்ல ஒரு ஏரியா, டிரெயின் ஏறிப் போப்பா'ன்னு சொல்ட்டாங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அவள் சிரிப்பதை அவன் பார்த்த பார்வை அவளைச் சட்டென்று தரையைப் பார்க்க வைத்தது.

"சனிக்கெழம உங்களக் காணோமே, ஒடம்பு சரியில்லயா?" என்றான் அவன் மெல்ல.

ஏஞ்சலின் சிரிப்பு அங்கேயே நின்றது. 'லேன் ரூல்னு சொன்னவனுக்கு நான் வராத நாள் எப்படித் தெரியும்?' கிளாஸை வைத்துவிட்டு நடந்தாள்.

ஆனாலும் மறுநாள் டீக்கடையில் நின்றாள். அடுத்த நாளும்தான். அவன் பேசுவதைக் கேட்கப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. மழை நாட்களில் கண்ணாடியில் அந்தச் சாம்பல் நிறம் தெரியும் வரை மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அம்மா செண்பகம் போனை நீட்டினாள்.

"பாஸ்டரம்மா அனுப்பிச்சாங்க. லண்டன்ல இருந்துட்டு வந்த பையனாம். பாரு."

போட்டோவில் கோட் போட்டுக்கொண்டு, அதே பெரிய கண்களோடு, ஸ்டீவன்.

"ஆளு ஒரு தினுசா இருக்கான்" என்றான் சாம்சன். "பொண்ணப் பத்தி ஒண்ணுமே கேக்கல. 'எங்களப் பத்தி நல்லா விசாரிச்சுக்கோங்க'ன்னு வேல செஞ்ச எடத்து நம்பர்லாம் குடுத்துகிறான்."

ஏன் கேட்கப் போகிறான்? பின்னாலேயே வந்து எல்லாம் பார்த்து முடித்தாயிற்றே. லேன், லைட், ஸ்டெப்னி... எல்லாம் கதை. ஏஞ்சலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏமாந்ததைவிட, ஏமாந்துகொண்டே சந்தோஷப்பட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்கு வேணாம்மா."

"காரணம் இன்னாடீ?"

"வேணாம்னா வேணாம்."

திங்கட்கிழமை அவள் நெடுஞ்சாலையில் ஏறவே இல்லை. குண்டும் குழியுமான சர்வீஸ் ரோட்டிலேயே, சேறு தெறிக்க ஓட்டினாள். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மூடிக்கிடந்த பஞ்சர் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள். சற்று நேரத்தில் அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஸ்டீவன் நனைந்தபடியே இறங்கி வந்தான்.

"வேணாம்னு சொன்னீங்களாம். காரணம் கேட்டுட்டுப் போயிடுறேன்."

"நல்லா வேவு பாத்தீங்க. மார்க்கு எவ்ளோ போட்டீங்க எனக்கு?"

அவன் உடனே மறுப்பான், சத்தியம் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான்.

"மொத வாரம் நெசமாவே லேன்தான்" என்றான். "அப்பால... பொய். நீங்க கெளம்புற நேரத்துக்கு நானும் கெளம்புனேன். ரைட்ல ரோடு காலியா இருந்தப்பகூட தாண்டிப் போவல. உங்க சந்தேகம் சரிதான். பின்னாடி வந்தது தப்புதான்."

தகரத்தில் மழை பேரிரைச்சலாகக் கொட்டியது. அவள் அவனையே பார்த்தாள்.

"ஆனா அளந்து பாக்க வரல. பாஸ்டரம்மா மூலமா உங்களக் கேக்கச் சொன்னதே நாந்தான். எங்கம்மா பொண்ண விசாரிக்கணும்னு சொன்னப்போ, அவங்கதான் நம்மள விசாரிக்கணும்னு நாந்தான் சொன்னேன்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"புடிச்சிருந்துது, ஏஞ்சல்." அவன் ஓரடி முன்னால் வந்தான். "அங்க அஞ்சு வருஷம் தனியா ஓட்னேன். முன்னாடி போற வண்டி யாரோடதுன்னு ஒரு நாளு நெனச்சது கெடையாது. இங்க உன்னப் பாக்காத சனிக்கெழம எனக்கு ரோடே புடிக்கல."

இத்தனை நாள் அவள் தேடித் தேடிச் சேர்த்த சந்தேகமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போனது. வேவு பார்க்கிறவன் தன்னைத் தானே இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது... ரொம்பவே பிடித்திருந்தது.

"இனிமே என் பின்னாடி வரக் கூடாது."

அவன் முகம் வாடிப்போனது. "சரிங்க."

"பக்கத்துல வா."

ஸ்டீவன் அதையும் தீவிரமாகத்தான் யோசித்தான். "ஒரே லேன்ல ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல போறது தப்பாச்சே..."

"அப்ப ஒரே வண்டில போலாம்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்தப் பெரிய கண்கள் கலங்கின. ஏஞ்சல் ஸ்கூட்டி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், வெட்கத்தோடு சொன்னாள்.

"எங்கண்ணன்கிட்டயும் சொல்லிடு. ஓட்டப் போறது நானு."