காணாமல் போன 'மாட்டிக்கிச்சு'

காலை 10.20. மல்லசமுத்திரத்தில் முத்தாயம்மாளின் போர்வெல் ரிக் வண்டி ஆபீஸ். உஷாராணி கம்ப்யூட்டரில் 'மாட்டிக்கிச்சு' என்ற டேக்கை அழுத்தினாள். பூஜ்யம். முந்தாநாள் அதில் பதினேழு வீடியோக்கள் இருந்தன.

போனில் டிரில்லர் தமிழரசு. மத்தியப் பிரதேசத்தில் போர் போடுகிறான். அறுநூறு அடியில் பாறை உடைக்கும் ஹேமர் சிக்கிக்கொண்டது, மண் வேறு சரிகிறது, போன வருஷம் காப்பாற்றிய அந்த வீடியோவை உடனே அனுப்பு என்று கெஞ்சினான். அதன் தலைப்போ குஜராத்தியில். படிக்க இங்கே ஆளில்லை.

உபயோகமான வீடியோ இணைப்புகளையெல்லாம் ஒரே பக்கத்தில் எல்லோரும் சேமிக்கலாம், ஒரு வீடியோவுக்கு அடையாளப் பெயராக ஐந்து டேக்குகள்கூட ஒட்டலாம், எந்தப் பெயரைச் சொன்னாலும் வந்து நிற்கும் என்று ஆபீஸ் முழுக்கத் தொண்டைத் தண்ணி வற்றக் கற்றுக்கொடுத்தவள் உஷாராணிதான். முதலாளியம்மா முத்தாயம்மாள் அதை மறக்கவில்லை.

"மூணு மணிக்குள்ள ஹேமர் மேல வரோணும் சாமி. வராட்டி இந்தப் பொட்டியக் கட்டி வச்சுட்டு நீ ஊட்டுக்குக் கெளம்பு."

10.45. பழி மெக்கானிக் சரவணக்குமார் தலையில் விழுந்தது. டிரில்லர்களே வீடியோ பார்த்துப் பழுது நீக்கிக்கொள்கிறார்கள், தன்னை ஒருத்தனும் கூப்பிடுவதில்லை என்று ஊரெல்லாம் புலம்பும் மனுஷர். முத்தாயம்மாள் களவாணி என்றே சொல்லிவிட்டார். மெக்கானிக்கின் முகம் சுருங்கிப்போனது.

உஷாராணி அவசரப்படவில்லை. பக்கத்தின் அடியில் மொத்த இணைப்புகள் 312 என்றிருந்தது. முந்தாநாளும் அதேதான். பத்து இணைப்புகளைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டேக். ஹேமர், பிட், கம்ப்ரஸர், பேரிங். 'அவசரம்', 'மழைக்காலம்', 'குஜராத்தி' எதுவுமே இல்லை.

11.30. உதிரிபாக ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்க்காரர் குழந்தைவேல், ஒரு பேரிங் டப்பாவில் யாரோ ஒட்டியிருந்த இரண்டாவது லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். தேய்ந்த போல்ட், கிழிந்த ஹோஸ், எதையும் தூக்கிப் போடாத கை அவருக்கு. டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

12.05. எல்லோரையும் அழைத்தாள்.

"மெக்கானிக் அண்ணன் இல்லீங்கம்மா. கோவக்காரன் வீடியோவையே அழிச்சிருப்பான். ஒண்ணுகூடப் போகலீங்க, மத்த டேக்கை மட்டும் பிச்சிருக்காங்க. மிச்சம் உட்டதெல்லாம் ரேக்குல இருக்கற சாமான் பேரு. இது அடுக்கறவரு வேலை. ஏனுங்கண்ணா குழந்தைவேல் அண்ணா, நீங்கதானுங்களே?"

குழந்தைவேல் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமாங்க. நேத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தா ஒரே சாமான் அஞ்சு ரேக்குல கெடக்குது. இருபத்திரண்டு வருஷமா ஒரு சாமானுக்கு ஒரு ரேக்குதான். தப்புங்களா?"

முத்தாயம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். உஷாராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"உங்களைப் பேரப்பசங்க தாத்தாங்கறாங்க, கோயில்ல தலைவருங்கறாங்க, நாங்க ஸ்டோர்க்காரருங்கறோம். அதுக்காக மூணு ஆளாயிட்டீங்களா? அது போகட்டும். தேஞ்ச போல்ட்டையே எறியாத ஆளு, பிச்ச டேக்கை எங்க வச்சீங்க?"

அவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே 312 துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் இணைப்பின் எண், கழற்றிய டேக்குகள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள். 'மாட்டிக்கிச்சு, குஜராத்தி, தமிழரசு' மூன்றும் சேர்ந்திருந்தது ஒரே சீட்டில்தான். கண்டெடுத்தவர் சரவணக்குமார். அதிலிருந்த எண்ணை வைத்து உஷாராணி வீடியோவை எடுத்துத் தமிழரசுக்கு அனுப்பினாள்.

2.50. தமிழரசு கூப்பிட்டான். ஹேமர் மேலே வந்துவிட்டது. முத்தாயம்மாள் மெக்கானிக்கின் கையைப் பிடித்து, தப்பாகப் பேசிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு உஷாராணியிடம் திரும்பி, பழைய டேக்குகளோடு எல்லா வீடியோவுக்கும் புதிதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: 'குழந்தைவேல் தொடக்கூடாது'.

குழந்தைவேல் அதை நிதானமாகப் படித்தார். ஒரு துண்டுச் சீட்டில் பொறுமையாக எழுதி, அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தார்.