கால்மாட்டுக் கல்

என் மச்சான் சியாமவுனுக்கு நாற்பத்தெட்டு வயதில் அரச வம்சம் முளைத்தது. மிளகு விற்று, தங்கக் காசு அடித்து, அந்தக் காலத்தில் எங்கள் பாசாய் நாட்டை ஆண்ட சுல்தான்கள் அவனுக்குப் பாட்டன்மாராம். இனி எல்லாரும் ‘துவாங்கு’, அதாவது ராஜா, என்று கூப்பிட வேண்டுமாம். இறால் குட்டையில் வலை இழுத்த பயலுக்கு வந்த வாழ்வு!

சாட்சி ஒரு மீசான் கல், கல்லறையில் நடுகிற கல். குட்டைக் கரையில் புதைந்து கிடந்த பழைய கபரின் தலைமாட்டுக் கல்லை, அரபி எழுத்தோடு பிடுங்கி வந்து தன் வீட்டு வடக்கு வாசலில் நட்டு, வெள்ளைத் துணி சுற்றியிருந்தான்.

“கால்மாட்டுக் கல்லு எங்க மச்சான்?” என்றேன்.

“அது வெறுங்கல்லுடா. எழுத்தில்லாததை எவன் பார்ப்பான்?”

“ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கறதுதான் கபரு. பிரிக்கலாமா?”

“துவாங்குக்கே பாடமா? போடா!”

மூன்றாம் நாள் அவன் மனைவி, என் அக்கா சஃபியா, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஏழு மாதம்.

“வீட்டுக்குள்ள ஈரமண்ணு வாசம் அடிக்குது தம்பி. வலது பக்கமா, மேற்கப் பார்த்துத்தான் படுக்க முடியுது. திரும்ப விடமாட்டேங்குது.”

குட்டைக்கு ஓடினேன். கால்மாட்டுக் கல் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது.

மறுநாள் அந்தக் கல் தென்னந்தோப்பில் நின்றது. அடுத்த நாள் கிணற்றடியில்.

சுற்றிலும் காலடித் தடமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அது சமையலறைக்குப் பின்னால், தெற்கே நின்றது. வடக்கே தலைமாடு, தெற்கே கால்மாடு.

நடுவே வீடு.

அக்காவைக் கையோடு வெளியே இழுத்து வந்தேன்.

“நீங்களும் வாங்க மச்சான்!”

“அரண்மனையை விட்டு ராஜா ஓடுவானாடா, கோழைப்பயலே?”

ஜும்ஆ தொழுகை முடிந்து நாலு பேரோடு திரும்பி வந்தேன். நடு அறையில் அவன், கபரில் வைப்பதுபோல், வலது பக்கமாக, மேற்கு நோக்கிக் கிடந்தான். கன்னத்தடியிலும் ஒரு பிடி ஈரமண். உடம்பு சில்லிட்டிருந்தது. செத்த பிறகும் அந்த முகத்தில் அரசகளை வரவில்லை.

அவனை ஊர் மையவாடியில் அடக்கினோம். இரண்டு கற்களையும் குட்டைக் கரையில் பழைய இடத்திலேயே நட்டோம். அக்கா என் வீட்டில் இருக்கிறாள். இப்போது இரண்டு பக்கமும் புரண்டு படுக்கிறாள்.

நேற்று குட்டைப் பக்கம் போனேன். அந்த வெறுங்கல்லில் எழுத்து வந்திருந்தது. கல்தூள் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

‘சியாமவுன்’ என்று மட்டும் இருந்தது.

துவாங்கு இல்லை.