மெத்தைக்குள் ஆரஞ்சு

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை பிற்பகல், சாம்பியாவின் லுவாங்குவா ஆற்றங்கரை முகாம் ஒன்றில் யானை ஒரு கூடாரத்தைக் கிழித்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜோண்டிவே என்ற பெண்ணின் இடுப்பெலும்பு நொறுங்கியது.

மறுநாள் காலை அவளுடைய நண்பன் கசொண்டே வனக்காவல் அலுவலகத்துக்கு வந்தான். சட்டையில் அவளுடைய ரத்தம் காய்ந்திருந்தது.

"ஐயா, மத்தியானம் போலீஸ் வருது. என்னைத்தான் பிடிச்சுக் குடுக்கப்போறேன்னு முகாம் மேலாளர் சொல்லிட்டார். நான் செய்யல."

அதிகாரி முபிட்டா நாற்காலியைக் காட்டினார். உதவியாளர் யாமிகானி கதவைச் சாத்தினாள்.

லுசாகாவிலிருந்து நான்கு பேர் மூன்று நாள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். ஜோண்டிவே, அவள் கணவன் லுயாண்டோ, தோழி தமாரா, கசொண்டே. வழியில் கசொண்டே ஒரு மூட்டை ஆரஞ்சு வாங்கினான். பழ வாசனைக்கு யானை எதையும் உடைக்கும் என்பதால், முகாமில் எல்லாப் பழத்தையும் இரும்புப் பெட்டியில் ஒப்படைக்க வேண்டும். அவனும் ஒப்படைத்தான். ஆனால் யானை போன பிறகு ஜோண்டிவேயின் மெத்தை உறைக்குள் நசுங்கிய ஆரஞ்சுகள் கிடந்தன.

"உன்மேல ஏன் சந்தேகம்?" என்றார் முபிட்டா.

"நான் பெம்பா இனம், அவ ங்கோனி இனம். ரெண்டு இனமும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ற முறை எங்களுக்கு. அவ என்னைக் குரங்கு தின்னின்னுவா, நான் அவளை எலி தின்னின்னுவேன். வெள்ளிக்கிழமை அவ பைக்குள்ள காய்ஞ்ச எலிப் பொட்டலம் வெச்சேன். அலறினா பாருங்க! கரண்டியை எடுத்துக்கிட்டு முகாம் முழுக்கத் துரத்தினா. இப்போ ஆரஞ்சும் என் வேலைதான்னு எல்லாரும் சொல்றாங்க." சட்டையில் காய்ந்த ரத்தத்தைச் சுரண்டினான். "தமாராகூட."

"நேத்து மத்தியானம் நடந்ததைச் சொல்லு."

"ஜோண்டியும் தமாராவும் அடுப்படியில களி கிண்டினாங்க. நானும் அங்கதான் வம்பளந்துக்கிட்டு இருந்தேன். சாப்பிட உக்காந்ததும் நான்தான் எல்லார் கையிலயும் தண்ணி ஊத்தினேன். லுயாண்டோ மட்டும் கை நீட்டல, சோளக்களியைக் கரண்டியால தின்னான். 'என்ன பெரிய துரை, களிக்குக் கரண்டியா?'ன்னு கேட்டேன். கை சுட்டுடுச்சுன்னான். அப்புறம் ஜோண்டி வழக்கம்போல வாந்தி மாத்திரை போட்டா. அது தூக்கம் வர்ற மாத்திரை, உடனே படுக்கப் போனா. நீர்யானை பாக்கலாம்னு லுயாண்டோ எங்களை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனான்."

அவன் வெளியே போனதும் யாமிகானி பொறுக்கவில்லை. "இவனேதான் ஐயா! விளையாட்டு வினையாப் போச்சு. பயத்துல மறைக்கிறான்."

"இருக்கலாம்" என்றார் முபிட்டா.

முகாமில் அந்தக் கூடாரம் சேலைக் கிழிசல்போலக் கிடந்தது. கட்டில் வளைந்து, பெட்டிகள் சப்பையாகி, அவற்றின்மேல் புழுதி படிந்திருந்தது. இரும்புப் பெட்டியின் பூட்டு அப்படியே இருந்தது. லுயாண்டோ எதிரே வந்தான். முபிட்டா அவன் கையைப் பற்றி, ஊர் வழக்கப்படி உள்ளங்கை, கட்டைவிரல், மறுபடி உள்ளங்கை என்று மாற்றி மாற்றி அழுத்திக் குலுக்கினார். அவன் முகம் சுளிக்கவில்லை.

"ஜோண்டியை லுசாகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன விமானத்துல அவளுக்கும் நர்ஸுக்கும்தான் இடம் இருந்துச்சு ஐயா. போலீஸ் விட்டதும் கார்ல கிளம்பிடுவேன். பையைக்கூட ஏத்திட்டேன்."

முபிட்டா கார்க் கண்ணாடி வழியே அந்தப் பையைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார்.

"கேலிப் பொருளைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான் வெப்பாங்க" என்று தொடங்கினார். "அலறலைக் கேட்டுச் சிரிக்க வெச்சவனும் பக்கத்துல இருப்பான். எலி பைக்குள்ள மேலாகவே இருந்துச்சு. ஆரஞ்சை உறைக்குள்ள விட்டு ஜிப்பை மூடியிருக்காங்க. யானை மூக்குக்குத்தான் அது தெரியும். இது கேலி இல்ல."

"அப்போ என்னங்கய்யா?" என்றான் கசொண்டே.

"லுயாண்டோ, உங்க கையைக் காட்டுங்க."

லுயாண்டோ நீட்டினான். தோலில் ஒரு சிவப்புகூட இல்லை.

"நேத்து சுட்ட கை. இன்னிக்கு நான் அழுத்தினப்போ வலிக்கல. நீங்க ஏன் கரண்டி எடுத்தீங்க? கழுவ நீட்டியிருந்தா, தண்ணி ஊத்துறவன் முகம் உங்க விரலுக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கும். மத்தவங்க அடுப்படியில இருந்தப்போ, மணம் தூக்கலா வரணும்னு ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்ச கை, சோப்புப் போட்டாலும் மணக்கும். பழமே இல்லாத முகாம்ல அந்த மணம் உங்களைக் காட்டிக் குடுத்திருக்கும்."

"களிக்குக் கரண்டி எடுத்தவன் கொலை பண்ணப் பாத்தவனா?" லுயாண்டோ சிரிக்க முயன்றான்.

"உங்க ரெண்டு பேர் கூடாரத்துல இருந்த எல்லாமே நசுங்கிப் புழுதியில கிடக்கு. உங்க பை மட்டும் கசங்காம கார்ல இருக்கு. யானை வர்றதுக்கு முன்னாடியே ஏத்திட்டீங்க. யாமிகானி, எடுத்துட்டு வா."

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். பக்கப் பையின் ஜிப்பைத் திறந்ததும் மணம் மேசை முழுக்கப் பரவியது. உள்ளே பழமூட்டையின் சிவப்பு வலைத்துண்டும் பிய்த்த தோலும் இருந்தன. ஒப்படைக்கும் முன்பே கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறான். கார்ச் சாவி அவனிடம் மட்டுமே இருந்தது என்று மேலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

தமாரா வாயைப் பொத்தியபடி எழுந்தாள்.

"விவாகரத்துக்கு அவ ஒத்துக்கிட்டான்னு சொன்னியே! வீட்டைக்கூட அவளே எழுதித் தர்றான்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியேடா பாவி!"

கசொண்டே அவளை வெறித்தான். "உனக்கும் இவனுக்கும்... அவ உன்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டாளேடி!"

லுயாண்டோ மேசையைப் பார்த்தபடியே இருந்தான். "யானை வரும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது" என்றான் கடைசியில்.

"வராம இருந்திருந்தா அந்த ஆரஞ்சை என்ன பண்ணியிருப்பீங்க?"

லுயாண்டோ கார்ச் சாவியை மேசைமேல் வைத்தான்.

பையைக் கீழே வைத்துவிட்டு யாமிகானி வெளியே போய் நின்றாள்.

மத்தியானம் வந்த போலீஸ் வண்டி லுயாண்டோவை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு கொலை முயற்சிக்காக நீதிமன்றம் அவனுக்குப் பதினைந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஜோண்டிவே ஊன்றுகோலுடன் வந்து சாட்சி சொன்னாள். தமாரா வரவில்லை.