விருந்தாளித் தண்ணீர்

வகுப்புக்கு வெளியே நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

உள்ளே உமாராணி டீச்சர் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். "தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை" என்று அவர் சொல்ல, வகுப்பே அதைத் திருப்பிச் சொன்னது.

சுவை இல்லையாமே? எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வாய் குடித்துவிட்டு யாராவது இதைச் சொல்லட்டும். ஜன்னல் வழியாகக் கத்தலாம் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான் வெளியே நிற்பதற்குக் காரணமும் அந்தத் தண்ணீர்தான். தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டி இருக்கிறது எங்கள் பனங்காட்டுத் தெரு. எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அதில் பருப்பு வேகாது. அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். குடிக்கிற நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். அந்த லாரியும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் தெருவுக்குள் நுழையும்.

அப்பா விடியும்போதே பலசரக்குக் கடையைத் திறக்கப் போய்விடுவார். அம்மா வரிசையில் நின்று குடம் குடமாகப் பிடிப்பார். நானும் தம்பி செந்தூர்வேலும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். லாரி வருகிற நாளெல்லாம் எனக்கு முதல் பீரியடு வராண்டாவில்தான். லாரி ஓட்டுகிறவரை யாராவது வெளியே நிற்க வைத்தார்களா? இல்லை. நான்தான் நிற்கிறேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து, பெரிய ஹாலில் மேசை மேசையாகப் பொருள்களை வைத்திருந்தார்கள். ஒரு மேசையில், நெஞ்சில் வைத்தால் இதயம் துடிப்பதைக் கைபேசியில் படமாகக் காட்டும் கருவி இருந்தது. செந்தூர்வேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இதயம் இருக்குளா" என்று என்னிடம் வந்து சொன்னான்.

இன்னொரு மேசையில் ஷெர்லி அக்கா இருந்தார். கடற்கரைப் பக்கத்து மண்மேடு ஒன்றைத் தோண்டி, பழங்காலத்து ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய்கிறவர். அவர் முன்னால் உடைந்த பானை ஓடுகளும், மீன் முள்ளும், முத்துச்சிப்பியும் கிடந்தன.

"எல்லாம் குப்பையா இருக்கே அக்கா" என்றேன்.

"குப்பையேதான்" என்று சிரித்தார் அவர். "வீட்டு முன்பக்கத்துல அழகா இருக்கிறதைத்தான் வைப்பாங்க. நிஜமா எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரியணும்னா பின்பக்கம்தான் போய்ப் பாக்கணும்."

கூட்டம் அதிகமாக இருந்தது ஞானதீபம் சாரின் மேசையில். அவர் வைத்திருந்தது நானோ சல்லடை பொருத்திய ஓர் இயந்திரம். மாவு சலித்தால் தவிடு மேலேயே நிற்கும் அல்லவா? அதுபோல இந்தச் சல்லடையில் உப்பு நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னச் சின்ன ஓட்டைகளாம். ஒரு பக்கம் கடல் தண்ணீரை ஊற்றினார். மறுபக்கம் வந்ததை எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். செந்தூர்வேல், "சந்தேகமா இருக்கு சார்" என்று சொல்லிச் சொல்லியே வயிறு முட்டக் குடித்தான்.

"இதுல பெரிய மிஷின் ஒண்ணைச் சோதனைக்காக ஒரு தெருவுல வைக்கப் போறோம்" என்றார் சார். "தண்ணி ரொம்ப மோசமா இருக்கிற தெரு எதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். நாளைக்குச் சாயங்காலம் அறிவிச்சிடுவோம்."

என் மனசு குதித்தது. எங்கள் தெருவை விட்டால் வேறு எந்தத் தெரு? மிஷின் வந்துவிட்டால் லாரி வேண்டாம். லாரி வேண்டாமென்றால் வராண்டாவும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் திரையில் எங்கள் பகுதியின் வரைபடம் வந்தது. உப்பு அதிகமான தெரு சிவப்பு, நல்ல தண்ணீர் உள்ள தெரு நீலம். பக்கத்துத் தெரு சிவந்திருந்தது. எங்கள் பனங்காட்டுத் தெரு பளிச்சென்று நீலமாக இருந்தது.

"ஏளா அனுசியா, உங்க தெருவுல பன்னீராளா ஓடுது?" என்று கேட்டான் என் வகுப்புத் தங்கப்பாண்டி. அவன் பக்கத்துத் தெருக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுது சார்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது பாப்பா. போன மாசம் எங்க மாணவிகள் வீடு வீடாப் போய் போர் தண்ணி கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. உங்க தெரு தண்ணிதான் இருக்கிறதுலேயே சுத்தம்" என்றார் அவர். சொல்லிவிட்டு அடுத்தவருக்கு விளக்கத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். நடந்ததை எல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். "படிச்சவங்களாம். யார் வீட்டுத் தண்ணிய எடுத்துட்டுப் போயி நம்ம தெருன்னு எழுதுனாவளோ" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் வெங்காயத்தையே நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பேசாமல் இருப்பது அதிசயம்.

"நம்ம வீட்டுத் தண்ணிதாம்ளா" என்றான் செந்தூர்வேல். "பாட்டில் கொண்டுவந்த அக்காவுக்கு அம்மா குடத்துலேருந்து நல்ல தண்ணிய ஊத்திக் குடுத்தாவ. நான் பார்த்தேன்."

"ஏம்மா?"

"வேற என்னளா செய்யச் சொல்லுத?" அம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது. "அந்தப் பிள்ள வெயில்ல வாடி வதங்கி வாசல்ல நிக்கி. அது கையில உப்புத் தண்ணியவா குடுப்பாவ? வீட்டுக்கு வந்தவங்களுக்கு எங்கனயாவது உப்புத் தண்ணி குடுப்பாவளா?"

"குடிக்கவா கேட்டாவ? சோதிக்கல்லா கேட்டாவ!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அத்தை மதில் மேல் தலையை நீட்டினார். "என்ன முத்துச்செல்வி, ஏன் பிள்ள கத்துது?"

விஷயத்தைக் கேட்டதும் அத்தை அசரவே இல்லை. "நானும் நல்ல தண்ணிதான் குடுத்தேன். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் குடுத்திருப்பாவ. உப்புத் தண்ணித் தெருன்னு நாமளே எழுதிக் குடுத்தா, என் மவன் தாணுலிங்கத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்? போன தடவ லாரி வராத நாளாப் பாத்துப் பொண்ணு வீட்டுலேருந்து வந்தவுக ஒரு வாய் காப்பியக் குடிச்சிட்டுப் போனவுகதான், திரும்பியே பாக்கல."

நான் தரையை உதைத்தேன். சார் மேல் கோபம், கம்ப்யூட்டர் மேல் கோபம், இப்போது என் தெரு மேலேயே கோபம். இத்தனை கோபத்தை நான் ஒருத்தி எப்படித் தாங்குவேன்?

"நாளைக்கே சார்ட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"சொல்லாதளா" என்றார் அம்மா மெதுவாக. "தெருப் பொம்பளைக எல்லாரும் பொய்க்காரின்னு ஆயிரும்."

அம்மாவின் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. "சரி, நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன்.

சத்தியம் செய்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குடங்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன. உப்புத் தண்ணீர்க் குழாய் பின்பக்கத்தில். ஷெர்லி அக்கா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பின்பக்கம் தானாகவே பேசும்.

"அம்மா, நாளைக்கு மத்தியானம் அந்தச் சாரையும் ஷெர்லி அக்காவையும் சாப்பிடக் கூப்பிடட்டுமா?"

விருந்தாளி என்றதும் அம்மா மற்றதை மறந்துவிட்டார். "கூப்பிடுளா. வெளியூர்ப் பிள்ளைக, கடைச் சாப்பாட்டுல வயிறு காஞ்சு கிடக்கும். என்ன வைக்கலாம்?"

"சாளை மீன்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். சாளைக் குழம்பும் பொரித்த சாளையுமாக இலை நிறைந்திருந்தது. ஞானதீபம் சார் பேச்சே இல்லாமல் சாப்பிட்டார். ஒரு செம்பு நல்ல தண்ணீர் பக்கத்தில். அதைக் குடித்துவிட்டு, "பாத்தியா பாப்பா, உங்க தண்ணி எவ்வளவு நல்லா இருக்கு" என்று வேறு சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், கை கழுவுவதற்காக அம்மா இன்னொரு செம்பு நல்ல தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். சாளை மீன் வாடை வெறும் தண்ணீருக்குப் போகுமா? சார் விரல்களை முகர்ந்து பார்த்தார். "சோப்பு இருக்காங்க?"

"பின்னாடி இருக்கு சார், வாங்க" என்றேன். அம்மா என் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினார். விருந்தாளி முன்னால் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பின்பக்கக் குழாயைத் திறந்து சார் சோப்புப் போட்டார். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தார். திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கையில் ஒட்டியதே தவிர நுரை வரவில்லை. சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன சோப்பு?"

"நல்ல சோப்புதான் சார்" என்றான் செந்தூர்வேல். "எங்க அப்பா கடையில வாங்குனது."

பிறகு சார் வழக்கம்போல ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தார். அவர் முகம் போன போக்கை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். கண் சுருங்கி, மூக்கு சுருங்கி, மொத்தத்தையும் வாழை மரத்தடியில் துப்பினார்.

ஷெர்லி அக்கா குனிந்து பழைய வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உள்பக்கம் வெள்ளையாக உப்புக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடிப் பொடியாக உதிர்ந்தது. "இது ஒரு நாள்ல சேர்ந்தது இல்ல சார்" என்றார்.

சார் வாளியைப் பார்த்தார், வாசலில் இருந்த குடங்களைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் உதட்டை இறுக்கி மூடியிருந்தேன். சத்தியம் சத்தியம்தானே.

"எங்க மேலதான் சார் தப்பு" என்றார் அம்மா. "வெயில்ல வந்து நின்ன பிள்ளைக கையில இதக் குடுக்க மனசு வரல. குடத்துத் தண்ணிய ஊத்திக் குடுத்துட்டோம்."

"என்னம்மா இது, ஆராய்ச்சிக்குக் கேட்டதுங்க. விருந்தா கேட்டோம்?" சாரின் குரல் உயர்ந்தது.

அம்மாவே சொல்லிவிட்டார். இனி எனக்குச் சத்தியம் இல்லை. அடக்கி வைத்த கோபமெல்லாம் மொத்தமாகக் கிளம்பியது.

"எங்க அம்மாவ ஏன் சார் கோவிச்சுக்கிறீங்க? வாசல்ல நின்னு கேட்டா வாசல்ல இருக்கதுதான் கிடைக்கும். நாலு எட்டு பின்னாடி வந்து நீங்களே பிடிச்சிருக்கலாம்லா? அதச் செய்யாம எங்க தெருவ நீலமாக்கிட்டு, கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு என்கிட்டயே சொன்னீங்க."

ஷெர்லி அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாப்பா சொல்றது சரிதான் சார். தோண்டாமலே திரும்பிட்டீங்க."

சார் ஈரக் கையால் பிடரியைத் தடவிக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார் அம்மாவிடம். அவர் கை இன்னும் பிசுபிசுவென்றுதான் இருந்தது. "தெரு முழுக்க இப்படித்தானா?"

தெரு முழுக்குமாக நாங்கள் மட்டும் பதில் சொல்லலாமா? மதில் மேல் இசக்கியம்மாள் அத்தையின் தலை தெரிந்தது. நான் மதிலோரம் போனேன்.

"அத்தை, மிஷின் வந்தா ஊருத் தண்ணி எல்லாத்தையும் விட நம்ம தண்ணி நல்லாயிருக்கும். பொண்ணு வீட்டுக்காரவுக எத்தன வாய் காப்பி வேணும்னாலும் குடிக்கலாம்."

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "சார், என் வீட்டுப் பின்வாசல் திறந்துதான் கெடக்கு. வந்து பாருங்க. எங்க தண்ணிக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல" என்றார், ஏதோ போட்டியில் ஜெயித்தவர் மாதிரி.

பாட்டில்களோடு மாணவிகள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை யாரும் வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு பின்பக்கம் போய்த் தாங்களே குழாயைத் திறந்து பிடித்தார்கள். அன்றைய அறிவிப்பைச் சார் தள்ளி வைத்துவிட்டார். சில நாள் கழித்து வந்த வரைபடத்தில் எங்கள் தெரு மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது. தண்ணீர் மோசம் என்ற செய்திக்குக் கை தட்டிய தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

மிஷினைத் தெருமுனையில் வைத்தார்கள். எந்த நேரமும் தண்ணீர் பிடிக்கலாம். முதல் நாள் ஞானதீபம் சார் வந்தபோது அம்மா செம்பை நீட்டினார். சார் வாங்காமல் தயங்கினார். "இது எந்தத் தண்ணிங்க?"

"உங்க தண்ணிதான் சார்" என்றார் அம்மா. சார் ஒரே மூச்சில் குடித்தார்.

வரிசையில் பக்கத்துத் தெருத் தங்கப்பாண்டியும் குடத்தோடு நின்றான். என்னைப் பார்க்காதவன் போல வானத்தைப் பார்த்தான். பன்னீர் என்று சொன்னவன்தானே, நிற்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவனுக்கும் பள்ளிக்கூட மணி அடிக்கும். கோபம் வேறு, தாகம் வேறு. அவனை எனக்கு முன்னால் விட்டேன்.

அடுத்த நாள் முதல் பீரியடுக்கு மணி அடிக்கும் முன்பே நான் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை நெருங்கியதால் உமாராணி டீச்சர் பழைய பாடங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை" என்று வாசித்தார்.

நான் கையைத் தூக்கினேன்.