கோரைக்குள் போன கோடு

சாலையே இல்லாத இடத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. கம்பாலா நகரத்தின் போக்குவரத்தை ட்ரோன் படங்களிலிருந்து வரைவதுதான் நகிமேராவின் வேலை. போகிற வண்டி, நடக்கிற ஆள், எல்லாமே ஒரு புள்ளி, போன தடம் ஒரு கோடு. கால் மணி முன்பு வந்த படத்தில் இருந்த இந்தக் கோடோ, சதுப்பு நிலத்துக் கோரைக்குள்ளிருந்து கிளம்பி, வீட்டுச் சுவர்களைக்கூட மதிக்காமல் நேராகப் போயிருந்தது.

"பிழைக் கோடுதான், அக்கா. சாலையை விட்டு விலகினா அழிச்சிடணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றான் பக்கத்து மேசை ஓப்பியோ.

அழிக்கப் போன கை நின்றது. வெள்ளிக்கிழமையும் இப்படி ஒன்றை அழித்திருந்தாள்: மழையில் ஒரு மோட்டார் சைக்கிள் கோரைக்குள் இறங்கி, அங்கேயே முடிந்துபோன கோடு. அன்றிலிருந்துதான் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் அவள் கணவன் செபுன்யாவைக் காணவில்லை. நான்கு நாள் தேடிவிட்டு, மரத்துப்போய் வேலைக்கு வந்திருந்தாள்.

அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கினாள். மஞ்சள் சட்டை, முதுகில் அவளே தைத்த நீல ஒட்டு. அன்றே கவனித்திருந்தால் உயிரோடு இழுத்திருக்கலாமே என்ற நினைப்பு வேறு யாருடையதோ போல வந்து போனது. அழுகை வரவில்லை. வெயிலில் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருக்க, சேறும் ஊறிய கோரையும் கலந்த வாடை மெல்ல மெல்ல அறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

இன்றைய கோட்டைத் தொடர்ந்தாள். சந்தை. பள்ளிக்கூடம். பச்சைத் தகரக் கூரை. அவளுடைய வீடு.

நாத்தனார் நபோசாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரு. இப்பதான் உங்களுக்குப் போன் போட எடுத்தேன். உடம்பெல்லாம் சேறு. பேசவே மாட்டேங்கறாரு, பாப்பா கிசாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு."

"புள்ள எங்க?"

"கூடத்துலதான்... இல்லியே. கதவு பூட்டினபடிதானே இருக்கு. அண்ணி?"

ட்ரோன் இன்னும் வானில்தான் இருந்தது. நேரலையைத் திறந்தாள். கோரையை நோக்கி ஒரே ஒரு புள்ளி. தூக்கிப் போகிற பிள்ளைக்குத் தனிப் புள்ளி கிடையாது.

பெரிதாக்கினாள்.

மஞ்சள் சட்டை. தோளில் கிசா.

குழந்தை மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக நகிமேராவை. இரண்டு கையையும் நீட்டியபடி.

கோரை அவன் இடுப்புவரை. கழுத்துவரை.

நீட்டிய சின்னக் கைகள் மட்டும்.