நலம் என்றது பட்டை

மயக்க மருந்து கொடுத்த குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கும் வழக்கம், நெஞ்சில் ஒட்டும் உயிர்ப்பட்டை வந்த பிறகு போய்விட்டது. மூச்சை எண்ணுவது, எப்போது தண்ணீர் கொடுக்கலாம், எப்போது நடக்கவிடலாம் என்று சொல்வது, எல்லாம் பட்டையின் வேலை.

தூத்துக்குடியில் மயக்க மருந்து கொடுத்து எடுத்த மூளை ஸ்கேன் முடிந்து, நெஞ்சில் பட்டையோடு நான்கு வயது பெல்சியை அவள் அப்பா தேவராஜ் வீட்டுக்கு அழைத்துப் போனார். பின் இருக்கையில் அவளை உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டு, முன்னால் அமர்ந்து அலுவலகக் கடிதங்களைப் படித்தார். கார் தானாக ஓடியது.

பின்னாலிருந்து குறட்டை கேட்டது. பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தார். பெல்சியின் தலை முன்னால் சரிந்து, மோவாய் நெஞ்சில் அழுந்தியிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு. அவர் விசாரித்ததற்கு, மூச்சு சீராக இருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்றது. நெஞ்சும் ஏறி இறங்கத்தான் செய்தது. ஆனால் உதடு நீலம் பாரித்திருந்தது.

எதை நம்புவது என்று சில நொடிகள் தயங்கினார். அந்த நொடிகளைப் பற்றிப் பின்னாளில் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. பிறகு பின்னால் தாவி மோவாயைத் தூக்கினார். காற்று சத்தத்தோடு உள்ளே இறங்கியது. வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

பட்டையைச் செய்த நிறுவனம் தேவராஜின் புகாரை மறுக்கவில்லை. கழுத்து மடங்கிக் காற்று போகாதபோதும் நெஞ்சு அசையும். பட்டை எண்ணியது அந்த அசைவை. அப்பாவின் கைதான் காப்பாற்றியது என்று பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கேற்ற திருத்தமும் செய்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அடுத்த ஸ்கேன். நர்ஸ் இம்முறை தேவராஜின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டினாள். திருத்தம் அதுதான். பெற்றவர் விழித்திருக்கிறாரா, அருகிலேயே இருக்கிறாரா என்று அது கவனிக்கும். கண் அயர்ந்தால் சிவக்கும். சிவந்தால் மருத்துவமனைக்குத் தகவல் போகும்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ரெஜினா மதியம் வீட்டுக்கு வந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்திருந்த கணவர் குனிந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ள எப்படி இருக்கா?”

“பச்சதான். ஒரு தடவகூட செவக்கல.”

“அது உங்களுக்கு. நான் பிள்ளையக் கேட்டேன்.”

தேவராஜ் நிமிர்ந்தார். பெல்சி கண்விழித்து, ஒருக்களித்துப் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று அவருக்குத் தெரியவில்லை.